திருகாணியைத் திருகுவதற்கு முன்: பழைய டர்போ டீசல் வாகனம் இழந்த வலுவை மீட்பது எப்படி?

மஹியங்கனையைத் தாண்டிக் கண்டி வீதியில் ஏறும்போது பதினெட்டு வளைவு வரும். 2023 ஆம் ஆண்டில் ஒரு விடிகாலை, அந்த வளைவுகளின் நடுவில் எங்கள் வான் நின்றுபோனது. பின் ஆசனத்தில் உம்மா படுத்திருந்தார். கண்டியில் அவருக்கு மூன்று மாதத்துக்கொரு முறை இருதய கிளினிக். முன் ஆசனத்துக்கு அடியிலிருந்து ஆவி கிளம்பியது; வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியிருந்தது. வாப்பா ஒன்றும் பேசவில்லை. இறங்கி டயருக்குக் கல் வைத்தார்.

உம்மாவும் நானும் அவ்வழியால் வந்த மரக்கறி லொறியொன்றில் ஏறிக் கண்டிக்குப் போனோம். போய்ச் சேரும்போது நேரம் பிந்திவிட்டது. வானை இன்னொரு வாகனத்தில் கட்டி இழுத்துக்கொண்டு வாப்பா கல்முனைக்குத் திரும்பினார்.

அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்னர்தான் அந்த வானின் 'பிக்கப்' கூட்டப்பட்டிருந்தது. "வண்டி இழுக்குதில்ல" என்று கொண்டுபோய்விட்ட இடத்தில், டீசல் பம்பின் பின்புறமுள்ள திருகாணியை ஸ்பனரால் திருகிக் கொடுத்திருந்தார்கள். பத்து நிமிட வேலை. இரண்டு வாரம் வான் பறந்தது. மூன்றாவது வாரம் மலையில் நின்றது. எஞ்சினின் ஹெட் வெடித்திருந்தது. திருத்தச் செலவு இரண்டு இலட்சம் ரூபாயைத் தாண்டியது.

நான் மெக்கானிக் அல்ல, ஊடகக் கல்வி படித்தவன். ஆனால் அந்த இரண்டு இலட்சத்துக்குப் பிறகு, பழைய டர்போ டீசல் வாகனம் ஒன்றின் வலு எங்கே போகிறது, அதை எப்படி மீட்பது என்பதைக் கராஜ்களில் நின்று கேட்டும் சேவிஸ் கைநூல்களைப் புரட்டியும் கற்றுக்கொண்டேன். என்னைப் போன்றவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஏன் இப்போது இது முக்கியம்?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. பயணிகள் வாகனங்களுக்கு அது மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பின்னரும் வரியோடு சேர்ந்த விலை எங்கள் கைக்கு எட்டாத இடத்தில் நிற்கிறது. ஆகவே முப்பது வயதான வான்கள்தான் இன்னும் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றுகின்றன, மருதமுனைச் சாரனைச் சந்தைக்குக் கொண்டுபோகின்றன, நோயாளிகளைக் கண்டிக்கும் கொழும்புக்கும் சுமக்கின்றன.

எங்கள் வான் 1991 இல் ஜப்பானில் செய்யப்பட்ட டொயோட்டா டவுன்ஏஸ். யுத்தநிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தாகி வீதிகள் திறந்திருந்த 2003 இல், வெளிநாட்டில் உழைத்த காசில் வாப்பா அதை வாங்கினார். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை அது சம்மாந்துறையில் ஒரு கல்யாண வீட்டு ஹயரில் நின்றது. அதனால் தப்பியது. கடற்கரைப் பக்கமிருந்த எங்கள் வீடு தப்பவில்லை. அடுத்த சில மாதங்கள் எங்களுக்கு எஞ்சியிருந்த ஒரே சொத்து அந்த வான்தான். இப்படி ஒரு வாகனத்தோடு சேர்ந்து மீண்டெழுந்த குடும்பங்கள் வடக்கிலும் கிழக்கிலும் நிறைய உண்டு. அதைத் தவறாகத் திருத்தினால் போவது எஞ்சின் மட்டுமல்ல.

எந்த எஞ்சின்களைப் பற்றிப் பேசுகிறோம்?

எங்கள் வீதிகளில் ஓடும் பழைய டர்போ டீசல்களில் அதிகம் காணப்படுபவை சில. டவுன்ஏஸ், லைட்ஏஸ் வான்களில் வரும் டொயோட்டா 2சி-டி (1974 கன சென்றிமீற்றர்). ஹைலக்ஸ் வகைகளில் வரும் 2எல்-டி (2446). பஜேரோவிலும் டெலிக்காவிலும் வரும் மிட்சுபிஷி 4டி56 (2477). மூன்றிலும் நான்கு சிலிண்டர்கள். மூன்றும் டீசலை நேராக சிலிண்டருக்குள் பாய்ச்சாமல், ஹெட்டுக்குள் இருக்கும் சிறிய முன்னறையில் பாய்ச்சி எரிப்பவை.

இந்த முன்னறை எஞ்சின்கள் சத்தம் குறைந்தவை, குறைபாடுள்ள டீசலையும் ஓரளவு பொறுத்துக்கொள்பவை. ஆனால் இவற்றின் ஹெட் மிக அதிகமாகச் சூடேறும். 2சி-டி, 4டி56 இரண்டிலும் உடல் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். இரண்டும் சூட்டில் ஒரே அளவாக விரிவதில்லை. ஒருமுறை தண்ணீர் கொதித்தாலே வால்வுகளுக்கு இடையில் மயிரிழை வெடிப்பு விழலாம். இந்த எஞ்சின்களில் எதைச் செய்தாலும் முதல் எதிரி சூடுதான் என்பதை மறக்கக்கூடாது.

வலு எங்கிருந்து வருகிறது?

டீசல் எஞ்சினின் வலு, எரியும் டீசலின் அளவைப் பொறுத்தது. எவ்வளவு டீசல் முழுமையாக எரியும் என்பது காற்றைப் பொறுத்தது. ஒரு கிலோ டீசல் எரியக் கணக்குப்படி ஏறத்தாழ பதினான்கரைக் கிலோ காற்று வேண்டும். ஆனால் டீசலும் காற்றும் சிலிண்டருக்குள் சீராகக் கலப்பதில்லை. ஆதலால், புகையில்லாமல் எரிய நடைமுறையில் 18 முதல் 20 கிலோ வரை தேவைப்படும். டர்போவின் வேலை இந்தக் காற்றைக் கூட்டுவது. வெளியேறும் புகையின் விசையில் ஒரு சக்கரம் நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கும் மேல் சுழன்று காற்றை உள்ளே தள்ளுகிறது. இந்தப் பழைய எஞ்சின்களில் அந்தத் தள்ளும் அழுத்தம் பெரும்பாலும் அரை பார் முதல் முக்கால் பார் வரை.

பம்பின் திருகாணியைத் திருகினால் டீசல் கூடும். காற்று கூடாது. எரியாத டீசல் கரும்புகையாக வெளியேறும். எரிந்த டீசலிலும் சக்கரத்துக்குப் போவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மிச்சத்தில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே போகிறது. இன்னொரு பங்கு ரேடியேட்டர் வெளியேற்ற வேண்டிய சூடாகிறது. அதாவது, ஒரு பங்கு வலுவைக் கூட்டும்போது இரண்டு பங்கு சூட்டையும் சேர்த்தே கூட்டுகிறோம். சமதரையான அக்கரைப்பற்று வீதியில் இது தெரியாது. மலையில் தெரியும்.

முதலில் புகையைப் படியுங்கள்

ஹெட் வெடித்த பிறகு வானைக் காட்டியது ஒரு பம்ப் பாஸிடம். அவர் பக்கத்துத் தமிழ் ஊரைச் சேர்ந்தவர், அறுபது வயதைத் தாண்டியவர். எங்கள் வீட்டிலிருந்து அவரது கராஜுக்கு மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடம்கூட இல்லை. ஆனால் 1990 க்குப் பின் நெடுங்காலம் எங்கள் ஊரவர் அங்கே போவதும் அவர் இங்கே வருவதும் இலகுவாக இருக்கவில்லை. வாப்பாவுக்கு அவரைப் பெயரளவில் தெரியும், முகம் தெரியாது.

"அண்ணன், இதுக்கு முதல் வான் என்ன புகை விட்டதெண்டு கேட்டீங்களே, அது ஏன்?" என்று பிறகொரு நாள் அவரிடம் கேட்டேன். "புகைதான் தம்பி நாடித்துடிப்பு. நாடி பிடிக்காம மருந்து குடுக்கேலுமா?" என்றார்.

அவர் சொன்னதன் சுருக்கம் இது:

கரும்புகை என்றால் டீசல் கூட, அல்லது காற்றுக் குறைவு. எயார் ஃபில்டர், காற்றுக் குழாய்க் கசிவு, டர்போ, நொசில் என்ற வரிசையில் தேட வேண்டும்.

வெண்புகை காலையில் சிறிது நேரம் வந்து நின்றால் ஹீட்டர் பிளக் பலவீனம் அல்லது டயிமிங் பிந்தியிருக்கிறது. சூடான பிறகும் தொடர்ந்து வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் அல்லது கெஸ்கட்.

நீலப்புகை என்றால் ஒயில் எரிகிறது. டர்போவின் சீல், வால்வு சீல், அல்லது பிஸ்டன் ரிங்.

புகையே இல்லை, ஆனால் இழுக்கவுமில்லை என்றால் டீசல் போதவில்லை. ஃபில்டர் அடைப்பு, குழாயில் காற்று, அல்லது டர்போவின் அழுத்தம் பம்புக்குத் தெரியவில்லை.

எங்கள் வானின் ஆரம்ப நோய் இந்தக் கடைசி வகை. திருகாணி திருகப்படுவதற்கு முன் அது புகை விடவில்லை, இழுக்கவுமில்லை. டர்போ உள்ள வாகனங்களின் பம்பின் மேல் ஒரு சிறிய மூடி இருக்கும். அதற்குள் ஒரு றப்பர் சவ்வு. காற்று அழுத்தம் ஏறும்போது ஒரு மெல்லிய ஹோஸ் வழியாக அந்த அழுத்தம் சவ்வை அழுத்தும், பம்ப் அதற்கேற்ப டீசலைக் கூட்டும். எங்கள் வானில் அந்த ஹோஸ் காய்ந்து வெடித்திருந்தது. காற்று வந்தும் பம்புக்குச் செய்தி போகவில்லை. விரல் நீள றப்பர் குழாய் ஒன்றை மாற்றியிருந்தால் தீர்ந்திருக்கும் குறைக்குத் திருகாணி திருகப்பட்டது. "வலுவைக் கூட்டல்ல தம்பி, சூட்டைத்தான் கூட்டியிருக்காங்க" என்றார் பாஸ்.

காற்று வழி

எயார் ஃபில்டரிலிருந்து தொடங்குங்கள். எங்கள் பக்கத்தில் பெரும்போக அறுவடை நடக்கும் பெப்ரவரி, மார்ச் மாதங்களிலும், சிறுபோக அறுவடைக் காலத்திலும் வயல் வீதிகளில் ஓடும் வாகனங்களின் ஃபில்டர் பதர்த் தூசியால் வெகு விரைவில் அடைபடும். இத்தனை ஆயிரம் கிலோமீற்றர் என்ற கணக்கு அந்த மாதங்களுக்குப் பொருந்தாது. கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாய்களும் கிளிப்களும். கசியும் இடத்தில் ஒயில் ஈரமும் கரியும் படிந்திருக்கும். மிதிக்கும்போது 'உஸ்' என்ற சத்தம் கேட்கலாம். பம்புக்குப் போகும் மெல்லிய ஹோஸை வளைத்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். சவ்வு கிழிந்திருந்தால் பம்ப் பாஸிடம் கொடுக்க வேண்டும்.

பிறகு டர்போ. எஞ்சின் ஆறிய பின் குழாயைக் கழற்றி அச்சை விரலால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இயல்பு. முன்னும் பின்னும் ஆடினாலோ, விசிறி சுவரில் உரசிய தடம் இருந்தாலோ அதன் காலம் முடிகிறது. அதிக அழுத்தத்தைத் திறந்துவிடும் 'வேஸ்ட்கேட்' திறந்தபடியே துருவேறி இறுகியிருந்தால் அழுத்தம் ஏறாது. உள்ளே தகடு உடைந்து அடைபட்ட சைலன்சரும் டர்போவைச் சோம்பேறியாக்கும்.

அழுத்தத்தைக் காட்டும் சிறிய கேஜ் ஒன்றைப் பூட்டிக்கொள்வது நல்லது. ஊகத்தை நிறுத்தும் முதல் கருவி அதுதான்.

டீசல் வழி

ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரை வடிய விடுவதற்கு ஒரு சிறிய திருகு இருக்கும். எங்கள் ஈரக் காற்றில் பாதி வெறுமையான டாங்கிக்குள் நீர் துளிர்க்கும். மாதத்தில் ஒருமுறையாவது வடிய விடுங்கள். டாங்கியிலிருந்து பம்புக்கு வரும் வழியில் எங்காவது காற்று புகுந்தால் காலையில் ஸ்டார்ட் பிந்தும், ஏற்றத்தில் வலு விட்டுவிட்டு வரும். பம்புக்கு முன் ஒரு அடி நீளத்துக்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாகப் போட்டால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

நொசில்களைக் கழற்றிப் பரிசோதனை மேசையில் வைத்துப் பார்க்க வேண்டும். இந்த வகை எஞ்சின்களில் அவை ஏறத்தாழ 120 முதல் 160 பார் அழுத்தத்தில் திறக்கும். சரியான எண் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். நான்கும் ஒரே அழுத்தத்தில் திறந்து, சொட்டாமல், பனிபோல் தெளிக்க வேண்டும். சொட்டும் நொசில் கரும்புகைக்கும் 'டக் டக்' சத்தத்துக்கும் காரணம். கவனிக்காவிட்டால் பிஸ்டனின் தலையையே உருக்கிவிடும்.

டயிமிங் பெல்ட்டை ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவது 2சி வகைகளுக்குப் பொதுவான கணக்கு. எப்போது மாற்றியது என்று தெரியாத வாகனம் என்றால் இன்றே மாற்றுங்கள். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். பம்பின் டயிமிங்கைக் காதால் கேட்டு வைக்கும் பழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு; டயல் கேஜ் வைத்து அளப்பவரிடமே கொடுங்கள். டயிமிங் பிந்தினால் வலு குறையும், சூடு புகைக்குழாய் வழியே போகும். முந்தினால் சத்தம் கூடும், ஹெட் தாங்காது.

இவ்வளவு செலவு செய்யுமுன் சிலிண்டர்களின் கொம்பிரஷனை அளந்துவிடுவது நல்லது. நல்ல நிலையில் ஏறத்தாழ 30 பார் இருக்கும். நான்குக்கும் இடையில் 5 பாருக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, ஒன்று 20 ஐ நெருங்கினாலோ, வெளியே என்ன மாற்றினாலும் பயனில்லை. எஞ்சினைத் திறக்க வேண்டிய காலம் அது.

குளிர்ச்சி: எங்கள் கரையின் தனிப் பிரச்சினை

எங்கள் வானின் ரேடியேட்டரைத் திறந்தபோது குழாய்களில் பாதி உப்புப் படிவத்தால் அடைபட்டிருந்தது. காரணம் எங்கள் வீட்டுக் கிணறு. சுனாமிக்குப் பின் கரையோரக் கிணறுகள் உவர்த்தது எல்லோருக்கும் தெரியும். குடிக்க வேண்டாமென்று ஒதுக்கிய அந்தத் தண்ணீரை ரேடியேட்டருக்கு ஊற்றினோம். உப்புத் தண்ணீர் அலுமினிய ஹெட்டை உள்ளிருந்து அரிக்கும், சூட்டில் படிவமாக இறுகும்.

ரேடியேட்டருக்குக் கிணற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ வேண்டாம். பற்றரிக்கு ஊற்றும் சுத்த நீரும் கூலன்டும் சரிபாதியாகக் கலந்து ஊற்றுங்கள், இரண்டு வருடத்துக்கொருமுறை மாற்றுங்கள். படிவம் பிடித்த ரேடியேட்டரைத் திறந்து குழாய்களைச் சுத்தம் செய்யலாம். அளவு மீறியிருந்தால் புதிய உள்ளகம் போடுவதே மலிவு.

மூடியைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். அது ஒரு பார் அளவு அழுத்தத்தைப் பிடித்துவைத்தால் வெறும் தண்ணீர்கூட 120 பாகைக்குக் கிட்டத்தான் கொதிக்கும். மூடியின் றப்பர் தளர்ந்தால் 100 பாகையிலேயே கொதிக்கும். ஒரு மூடியின் விலையில் 20 பாகைப் பாதுகாப்பு.

சூடேறும் வாகனத்தின் தெர்மோஸ்டட்டைக் கழற்றி எறிவது இன்னொரு பழக்கம். எஞ்சின் சூடான பின் பைபாஸ் வழியை மூடுவதும் தெர்மோஸ்டட்டின் வேலையாக உள்ள எஞ்சின்களில், அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலேயே சுற்றிவரும். மலையில் சூடு கூடும். புதியது போடுங்கள், கழற்றாதீர்கள்.

டவுன்ஏஸ் போன்ற வான்களில் எஞ்சின் ஆசனத்துக்கு அடியில், ரேடியேட்டர் முன்னால். இடையிலுள்ள நீண்ட ஹோஸ்களில் காற்றுத் தங்கிவிடும். கூலன்ட் மாற்றும்போது வாகனத்தின் முன்பக்கத்தை மேடான இடத்தில் நிறுத்தி, ஹீட்டரைத் திறந்துவைத்து, குமிழி நிற்கும்வரை எஞ்சினை ஓடவிட்டு நிரப்ப வேண்டும். எஞ்சின் ஓடும்போது நிரந்தரமாகக் குமிழி வந்துகொண்டேயிருந்தால் அது ஹெட்டிலிருந்து வரும் புகை. நிறம் மாறும் திரவத்தால் அதைச் சோதிக்கும் கருவி பெரிய கராஜ்களில் உண்டு.

ஒயில், டர்போ, பிரேக்

டர்போவின் அச்சு ஒயில் படலத்தில்தான் மிதக்கிறது. 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். ஏற்றம் ஏறி நிறுத்தியதும் சாவியைத் திருப்பாதீர்கள். ஓரிரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். உடனே நிறுத்தினால் கொதிக்கும் டர்போவுக்குள் நின்ற ஒயில் கரியாகும்.

ஒரு எச்சரிக்கை. டர்போவின் சீல் முற்றாகப் போனால் எஞ்சின் தன் ஒயிலையே எரித்துக் கட்டுப்பாடின்றிச் சீறலாம். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. கியர் வாகனம் என்றால் பிரேக்கை முழுதாக மிதித்து, மேல் கியரில் போட்டு, கிளச்சை விட்டு மூச்சடைக்கச் செய்ய வேண்டும்.

சில வேளை வலு எஞ்சினில் இருக்கும், சக்கரத்துக்குப் போகாது. கடற்காற்றில் துருவேறிய பிரேக் பிடித்தபடியே சுழலும். ஓடிவந்து நிறுத்தி ஒவ்வொரு சக்கரத்துக்கு அருகிலும் கையை நீட்டிப் பாருங்கள், ஒன்று மட்டும் அனலாக இருக்கும். வழுக்கும் கிளச்சும் காற்றுக் குறைந்த டயரும் வலுவைத் தின்னும்.

மண்ணெண்ணெய் என்ற பழைய பாடம்

யுத்த காலப் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடியது எங்கள் மூத்த தலைமுறைக்கு நினைவிருக்கும். ஸ்டார்ட் செய்யச் சில துளி பெற்றோல், பிறகு மண்ணெண்ணெய். அது வேறு வழியில்லாத மக்களின் கெட்டித்தனம்.

2022 இல் அந்த நினைவு திரும்பியது. அவ்வருட ஜனவரியில் லீற்றர் 121 ரூபாயாக இருந்த ஒட்டோ டீசல் ஜூன் இறுதியில் 460 ஆனது. ஆகஸ்ட் 22 வரை மண்ணெண்ணெயின் விலை 87. ஜூலையில் வந்த கியூஆர் முறையில் ஒரு வானுக்குக் கிடைத்தது வாரத்துக்கு 20 லீற்றர். கண்டிக்கு ஒருமுறை போய்வர 400 கிலோமீற்றர். அதற்கே அது போதாது. மண்ணெண்ணெய் கிடைத்த சிலர் டீசலோடு கலந்தார்கள்.

ஆனால் டீசல் பம்ப் பெற்றோல் கார்பரேட்டர் அல்ல. இந்த வகைப் பம்பின் உள்ளுறுப்புகளுக்கு வேறு ஒயில் கிடையாது. அதனூடே ஓடும் டீசல்தான் மசகு. மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்புக் குறைவு. பம்ப் தேயும், அழுத்தம் குறையும், சூடான எஞ்சின் ஸ்டார்ட் ஆக மறுக்கும். அன்று கலந்த சில வாகனங்கள் இன்றும் அவரது மேசைக்கு வந்துகொண்டிருப்பதாகப் பாஸ் சொன்னார். இன்று வலுக் குறைந்த வாகனம் ஒன்றை வாங்கப் போகிறீர்கள் என்றால், 2022 இல் அது என்ன குடித்தது என்று கேளுங்கள்.

சுப்பர் டீசல் அடித்தால் வலு கூடுமா என்றும் பலர் கேட்கிறார்கள். அதில் கந்தகம் குறைவு, ஒயில் விரைவில் கெடாது. ஆனால் நோயுள்ள எஞ்சினுக்கு அது மருந்தல்ல.

இவ்வளவுக்குப் பிறகும் கூட்ட வேண்டுமா?

மேற்சொன்னவற்றை முடித்த பெரும்பாலானோருக்கு அந்தத் தேவை இருக்காது. அப்படியும் வேண்டுமென்றால் முதலில் கருவி, பிறகு காற்று, கடைசியில் டீசல் என்ற ஒழுங்கு மாறக்கூடாது.

கருவி என்பது புகையின் வெப்பத்தை டர்போவுக்கு முன் அளக்கும் மானி. நீண்ட ஏற்றத்தில் 700 பாகையைத் தாண்டினால் காலை எடுக்க வேண்டும். இதைப் பூட்ட மெனிஃபோல்டில் துளையிடும்போது டர்போவைக் கழற்றிவிட்டே துளையிட வேண்டும். இரும்புத் துகள் உள்ளே போனால் டர்போ அன்றோடு சரி.

காற்று என்பது இன்டர்கூலர். 30 பாகைக் காற்றை டர்போ அழுத்தும்போது அது 90 பாகையைத் தாண்டும். சூடான காற்றில் அடர்த்தி குறைவு. அதை 50, 60 பாகைக்கு இறக்கினால் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கூடுதல் காற்று கிடைக்கும், எஞ்சினின் சூடும் குறையும். ஆனால் அதை ரேடியேட்டரின் முகத்தை மறைத்துப் பூட்டினால் ஒரு கையால் கொடுத்து மறுகையால் பறித்ததாகிவிடும்.

இவை இருந்தால் மட்டுமே திருகாணி. இருந்த இடத்தைக் கோடிட்டு அடையாளப்படுத்திவிட்டு, ஒரு தடவைக்கு ஒரு சுற்றின் எட்டில் ஒரு பங்கு. பிறகு ஆளேற்றி ஒரு ஏற்றத்தில் ஓடிப் பார்க்க வேண்டும். கரும்புகை தெரிந்தால் திரும்பி வர வேண்டும்.

2008 இலிருந்து வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனை கட்டாயம். கியரில்லாமல் மிதித்து, வெளிவரும் புகை ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்று அளப்பார்கள். பரிசோதனைக்கு முதல் நாள் திருகாணியை இறக்கி மறுநாள் ஏற்றுபவர்கள் உண்டு. பரிசோதனையை ஏமாற்றலாம். ஆனால் அந்தப் புகையைச் சுவாசிப்பது வீதியோரக் கடைக்காரரும் பாடசாலை விட்டு வரும் பிள்ளைகளும். சூட்டைத் தாங்குவது அதே ஹெட்தான்.

செய்ய வேண்டிய ஒழுங்கு

காசு கையிலிருக்கும் அளவுக்கேற்பச் செய்ய விரும்புவோருக்கு: முதல் மாதம் எயார் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஒயில், பம்பின் மெல்லிய ஹோஸ், ரேடியேட்டர் மூடி, டயர்க் காற்று. இவை எல்லாம் மலிவு. இரண்டாவது, ரேடியேட்டர் சுத்தம், கூலன்ட், தெர்மோஸ்டட். மூன்றாவது, கொம்பிரஷன் அளவீடு. அது நன்றாக இருந்தால் மட்டும் நான்காவதாக நொசில், டயிமிங் பெல்ட், பம்ப் டயிமிங். டர்போவும் இன்டர்கூலரும் அதற்குப் பிறகு. இந்த ஒழுங்கில் பாதி வழியிலேயே பல வாகனங்கள் எழுந்துவிடும்.

எங்கள் வானுக்கு வேறு ஹெட் போட்டு, ரேடியேட்டரின் உள்ளகம் மாற்றி, நொசில் சரிசெய்து, திருகாணியைப் பழைய அடையாளத்துக்கே திருப்பிவைத்தார் பாஸ். அந்தச் சிறிய ஹோஸையும் மாற்றினார். அதற்கு மட்டும் காசு வாங்கவில்லை. இப்போது வாப்பாவும் அவரும் நோன்புக்கும் பொங்கலுக்கும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வருகிறார்கள்.

அடுத்த கிளினிக்குக்கு அதே பதினெட்டு வளைவால் ஏறினோம். வான் பறக்கவில்லை. இரண்டாம் கியரில், முள் நடுவில் நிற்க, புகையில்லாமல் ஏறியது. உம்மா கண் விழித்து "மலை ஏறிட்டமா?" என்று கேட்டார். ஏறிவிட்டோம் என்றார் வாப்பா. மேலே போய் நிறுத்தியபோது சாவியைத் திருப்பவில்லை. இரண்டு நிமிடம் ஓடவிட்டுக் காத்திருந்தார்.